மூன்றாம் மைல் ஆஸ்பத்திரிக்கு வழி

மத்திகிரி,
6-11-1955

லூர்தம்மாள் அக்காவுக்கு, உங்கள் தம்பி பெண்சாதி பவுலினா எழுதுவது.

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் உங்கள் முகம் எப்படிப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். போகட்டும். ஈஸ்டர் பண்டிகையன்று நீங்கள் என்னைப் “புருஷனைக் கட்டி ஆளத் தெரியாதவ” என்றீர்கள். நான் உங்களைத் “தம்பிக்குச் செல்லம் கொடுத்துக் கெடுத்தவ” என்றேன். கிருஷ்ணகிரித் தெருவே கேட்டது. அதற்கு இன்றைக்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை, உங்களையும் கேட்கச் சொல்லவில்லை. அதைவிடப் பெரிய சமாசாரம் ஒன்று இருக்கிறது.

உங்கள் தம்பி குடியை விடுகிறேன் என்கிறார்!

சிரிக்காதீர்கள். மாதா கோவிலில் சத்தியம் செய்துவிட்டு மறுநாளே மீறின கதை இல்லை இது. நடந்ததைச் சொல்கிறேன். பண்ணைப் பால் வேனில் அவர் தினமும் பெங்களூருக்குக் கேன் ஏற்றிப் போகிறாரே, அந்த வேலைதான் அவருக்கு எமன். ஜூஜுவாடி செக்போஸ்ட்டைத் தாண்டினால் மைசூர் ராஜ்யம். அத்திப்பள்ளியில் சாராயக் கடைக்காரன் வேன் சத்தம் கேட்டாலே “பாரப்பா மைக்கேலு”, வாப்பா மைக்கேல் என்று கன்னடத்தில் கூப்பிடுவானாம். போன வியாழக்கிழமை திரும்பி வரும்போது காலிக் கேன்களுக்கு நடுவே நினைவில்லாமல் கிடந்திருக்கிறார். மேனேஜர் நாராயணப்பன் எல்லோர் முன்னாலும், “இன்னொரு வாட்டி இப்படிப் பாத்தேன்னா வேலையும் கெடையாது, பண்ணை வீடும் கெடையாது” என்று சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் அவர் அடுப்படியில் வந்து உட்கார்ந்தார். “பவுலி, என்னை எங்கயாச்சும் கொண்டுபோயி வுடு. வைத்தியம் பாக்கற எடம் எங்கயாச்சும் இருக்கும். என்னால தனியா முடியல” என்றார். அக்கா, கல்யாணம் ஆன இத்தனை வருஷத்தில் “முடியல” என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை. எனக்கு வந்த சந்தோஷத்தில் களி கிண்டுவதை விட்டுவிட்டேன். அடி பிடித்து வீடெல்லாம் புகை.

உங்கள் இட்லிக் கடை பஸ் ஸ்டாண்டிலேயே இருக்கிறது. நாலு திசை ஆட்களும் சாப்பிட வருகிறார்கள். குடிக்கு வைத்தியம் பார்க்கும் இடம், எங்களைப் போன்றவர்கள் கொடுத்துக் கட்டுப்படியாகும் இடம், எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள். அவர் மனசு மாறுவதற்குள் வேண்டும்.

பவுலினா


கிருஷ்ணகிரி,
11-11-1955

பவுலினாவுக்கு லூர்தம்மாள் எழுதிக்கொண்டது.

கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போடலாம் என்றுதான் பிரித்தேன். பிரித்த பிறகு மூன்று தடவை படித்தேன். சாம்பாரில் உப்புப் போட்டேனா இல்லையா என்று மறந்து இரண்டு தடவை போட்டுவிட்டேன். தர்மபுரி பஸ் டிரைவர் வாயில் வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! உனக்குக் களி போச்சு, எனக்குச் சாம்பார் போச்சு. உன் புருஷன் இன்னும் என்னென்ன வாங்கப் போகிறானோ.

நான் அவனுக்குச் செல்லம் கொடுத்தேன் என்பது நிஜம்தான். அம்மா இல்லாத பிள்ளை. நீ இருந்திருந்தாலும் கொடுத்திருப்பாய். இதற்கு மேல் அந்தப் பேச்சு வேண்டாம்.

விசாரித்தேன். கேட்டவுடன் எல்லோரும் என்னையே ஒரு மாதிரி பார்க்கிறார்கள், எனக்குத்தான் வைத்தியம் வேண்டும் என்பதுபோல! புளி மூட்டைக்காரர் ஒருவர், சிங்காரப்பேட்டைப் பக்கம் ஒரு ஆள் பொடி தருகிறான், குடிக்கிறவனுக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து போட்டால் குடி விட்டுவிடும் என்றார். விலையைக் கேட்டேன். உன் தாலியைத்தான் விற்க வேண்டும். அதுவும் அவன் தானாகவே விடுகிறேன் என்று வந்து நிற்கும்போது திருட்டுத்தனமாகக் கலப்பானேன்? வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நீ ஓசூரில் டாக்டர் யாரையாவது போய்ப் பார். பெங்களூரிலும் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறதாம். நான் இங்கே கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அவனை வைதுவிடாதே. உன் வாயை எனக்குத் தெரியும்.

லூர்தம்மாள்


மத்திகிரி,
20-11-1955

அக்காவுக்கு,

என் வாயைப் பற்றி நீங்கள் எழுதுகிறீர்கள்! சரி, விடுகிறேன், இப்போது சண்டைக்கு நேரமில்லை.

ஓசூரில் ஒரு டாக்டரைப் பார்த்தோம். அவர் உங்கள் தம்பியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? “நம்ம சென்னை ராஜ்யத்துல மதுவிலக்கு வந்து எவ்ளோ வருஷமாச்சு! இங்க குடியே கெடையாது. இல்லாத வியாதிக்கு நான் எங்க மருந்து தர்றது? குடிச்சேன்னு நோட்டுல எழுதினா நாளைக்குப் போலீசு வந்து நிக்கும்.” அதுவரை தைரியமாக இருந்த மனுஷன் போலீஸ் என்றதும் செருப்பைப் பாதி மாட்டிக்கொண்டே வெளியே ஓடினார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. பக்கத்திலேயே செக்போஸ்ட்டில் போலீஸ்காரன் வருகிறவன் போகிறவனை எல்லாம் வாயை ஊதச் சொல்லி மோந்து பார்க்கிறான். குடியே இல்லாத ராஜ்யத்தில் அவன் எதை மோந்து பார்க்கிறான் அக்கா?

பெங்களூருக்கும் ஒரு நாள் விசாரிக்கப் போனோம். அங்கே சலுகை எல்லாம் அந்த ராஜ்யத்துக்காரர்களுக்காம், நாங்கள் முழுப் பணமும் கட்ட வேண்டுமாம். அப்படித்தான் வாசலில் ஒருத்தர் சொன்னார். கட்ட முடிந்தாலும் எனக்கு மனசில்லை. ஒவ்வொரு தடவையும் அத்திப்பள்ளியைத் தாண்டி அல்லவா போக வேண்டும்? பஸ் அங்கே நின்றபோது அவர் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். “எந்திரிச்சிடுவேன்னு பயமா இருக்குது பவுலி” என்றார்.

எந்திரிக்கவில்லை அக்கா! உட்கார்ந்தே இருந்தார்! நம்முடைய ராஜ்யத்திலேயே ஓர் இடம் கண்டுபிடியுங்கள். சீக்கிரம், சீக்கிரம்.

பவுலினா


கிருஷ்ணகிரி,
27-11-1955

அடியே பவுலினா!

கிடைத்துவிட்டது! கடையைச் சாத்திவிட்டு எழுதுகிறேன். இட்லி கேட்டவனை எல்லாம் எதிர்க் கடைக்கு அனுப்பிவிட்டேன், நஷ்டமானால் ஆகட்டும்.

பாரூர்க்காரப் பெண் ஒருத்தி, வெங்கடம்மாள் என்று பெயர், கைக்குழந்தையோடு சாப்பிட வந்தாள். சும்மா கேட்டுவைத்தேன். கையைக் கழுவாமல் அப்படியே என்னைப் பார்த்தாள். ரகசியமாக, “எங்க அண்ணன் அங்கதான் இருந்து வந்துச்சு. இப்ப கரும்புத் தோட்டத்தைப் பாத்துக்கினு நல்லா இருக்குது” என்றாள். ஊத்தங்கரையைத் தாண்டி சிங்காரப்பேட்டை போகிற வழியில் மூன்றாம் மைல் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. ஊர்க்காரர்கள் மூன்றாம் மைல் ஆஸ்பத்திரி என்றுதான் சொல்கிறார்கள். அங்கே ஒரு டாக்டரம்மா குடிக்கு வைத்தியம் பார்க்கிறாராம். காசு இருந்தால் காசு, இல்லாவிட்டால் ராகி, அவரை, எது விளைந்ததோ அது. வீட்டு ஆள் ஒருத்தர் கூடவே தங்கிச் சமைத்துப் போட வேண்டும். தெம்பு வந்ததும் நோயாளி தோட்டத்தில் வேலை செய்ய வேண்டும். போலீஸ் பேச்சே கிடையாது.

ஒரே ஒரு சங்கடம். அது பதித சபை, புராட்டஸ்டண்ட்காரர்களுடையது. நம் சபை இல்லை. போகிற இடத்தில் ஞானஸ்நானம் மறுபடி கொடுத்துவிடுவார்களோ என்று பயந்தேன். நம் சாமியாரிடம் போய்க் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, “மருந்துக்குச் சபை கெடையாது லூர்தம்மா, அனுப்பு” என்றார். அப்படியும் நீ ஜெபமாலையை மடியிலேயே வைத்துக்கொள்.

மேனேஜரிடம் லீவு கேள். நாளைக்கே கிளம்பு. வழிச் சாப்பாட்டுக்குக் கண்டக்டர் சின்னராஜ் கையில் தினமும் புளிச்சோறு கட்டிக் கொடுத்து அனுப்புகிறேன், கிளம்புகிற அன்று ஓசூரில் வாங்கிக்கொள்.

லூர்தம்மாள்


மூன்றாம் மைல் ஆஸ்பத்திரி,
14-12-1955

அக்காவுக்கு,

உங்கள் கடிதங்கள் வந்தன. எழுத நேரமில்லை, தினமும் விறகுக்கே பாதி நாள் போகிறது. முதல் சில நாட்கள் எப்படி இருந்தார் என்பதை நான் எழுத மாட்டேன். நீங்கள் படிக்கவும் வேண்டாம். சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கத்தினார், அவ்வளவு சொன்னால் போதும். டாக்டரம்மா பக்கத்திலேயே இருந்தார். யாரும் எங்களை மதம் மாற்றவில்லை. என் ஜெபமாலையைப் பார்த்து, அழகாக இருக்கிறது என்றார், அவ்வளவுதான்.

இப்போது கேளுங்கள். உங்கள் தம்பி கத்தரிச் செடிக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறார்! இரண்டு வேளையும் பசிக்கிறது என்கிறார்! கை நடுங்காமல் முகம் மழித்துக்கொண்டார். சோப்பு நுரையைத் துடைத்ததும் எனக்குப் பெண் பார்க்க வந்த முகம் தெரிந்தது அக்கா. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

புதிதாக வந்திருக்கும் மாத்திரை ஒன்று கொடுக்கிறார்கள். தினமும் காலையில் வீட்டு ஆள் கையால் கொடுக்க வேண்டும். அதை விழுங்கியவன் துளி சாராயம் தொட்டால் போச்சு, முகம் சிவந்து, நெஞ்சு அடித்து, வாந்தியெடுத்து விழுந்துவிடுவான். “சாராயம், கள்ளு, பிராந்தி, எதுவும் கூடாது” என்று எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்து டாக்டரம்மா சொன்னார். உங்கள் தம்பி தலையாட்டியதைவிட நான் பலமாக ஆட்டினேன்.

கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இருப்போம்.

பவுலினா


கிருஷ்ணகிரி,
2-1-1956

பவுலினாவுக்கு,

புது வருஷ ஆசீர்வாதம். ஆனாலும் என் மனசு ஆறவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது பஸ் கிருஷ்ணகிரியில் நின்றுதானே போயிருக்கும்? என் கடை கண்ணுக்குத் தெரியவில்லையா? இறங்கி ஒரு வாய்த் தண்ணீர் குடித்தால் குறைந்தா போவீர்கள்? அக்காவைப் பார்க்க அவனுக்கு வெட்கம் என்று சின்னராஜிடம் சொல்லி அனுப்பினாயாம். என் மடியில் வளர்ந்தவனுக்கு என்னிடம் என்ன வெட்கம்? ஈஸ்டருக்கு நீ பேசியதுகூட இவ்வளவு வலிக்கவில்லை.

போகட்டும். ஆள் இளைத்துத் துரும்பாக இருக்கிறான் என்று சின்னராஜ் சொன்னான். அதனால் நாட்டு மருந்துக் கடையில் நல்ல பழைய திராட்சை அரிஷ்டம் இரண்டு பாட்டில் வாங்கினேன். ஒன்று என் மூட்டுவலிக்கு, ஒன்று அவனுக்கு. நம் வீட்டில் பிள்ளை பெற்றவளுக்கெல்லாம் இதைக் கொடுத்துத்தானே தேற்றினோம்? பொங்கல் பார்சலோடு வருகிறது. காலையில் இரண்டு கரண்டி கொடு. ரத்தம் ஊறும், பசி எடுக்கும். வேலைக்குப் போகிற அன்றிலிருந்து ஆரம்பி, கேன் தூக்கத் தெம்பு வேண்டாமா?

நான் கொடுத்தது என்று சொல்லு.

லூர்தம்மாள்


மத்திகிரி,
19-1-1956

அக்காவுக்கு,

எல்லாம் முடிந்தது. உங்கள் தம்பி உங்களிடம் வந்தால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

பொங்கல் கழித்து நேற்றுத்தான் வேலையில் சேர்ந்தார். நானே என் கையால் மாத்திரை கொடுத்தேன். உங்கள் அரிஷ்டத்தையும் ஊற்றிக் கொடுத்தேன். நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினேன். வேன் இன்னும் கிளம்பக்கூட இல்லை. கொஞ்ச நேரத்தில் நாலு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். முகம் ரத்தமாகச் சிவந்திருக்கிறது, வாந்தி, மூச்சு வாங்குகிறது. மேனேஜர் குனிந்து வாயை மோந்து பார்த்துவிட்டு, “நாத்தம் அடிக்குது. இவன் திருந்த மாட்டான்” என்றார். நானும் மோந்து பார்த்தேன். அடித்தது.

எல்லாம் கேனில் ஒளித்து வைத்த பழைய சரக்கு. வேறென்ன? அந்த மாத்திரைதான் காட்டிக் கொடுத்தது. தெளிந்ததும், “பவுலி, நான் தொடல” என்றார். அவர் தொடவில்லையாம்! ஒரு மாசம் விறகுப் புகையில் கண் வெந்தேனே, அதற்குக் கூலி இந்தப் பொய்யா? வெளியே தள்ளித் தாழ்ப்பாள் போட்டேன். மத்தியானம் வரைக்கும் வாசலில் நின்றார். பிறகு எங்கேயோ போய்விட்டார்.

வீட்டைக் காலி செய்ய மாசக் கடைசி வரை தவணை கொடுத்திருக்கிறார்கள். நம்பினேன் அக்கா. அதுதான் தாங்க முடியவில்லை.

பவுலினா


கிருஷ்ணகிரி,
22-1-1956

பவுலினா, என் கண்ணே, உட்கார்ந்துகொண்டு படி.

அவன் குடிக்கவில்லை! மாதா மேல் ஆணை, அவன் குடிக்கவே இல்லை! குடிக்க வைத்தது நான்!

கேள். லாரி பிடித்து இங்கே வந்து சேர்ந்தான். நானும் உன்னைப் போலத்தான், முதலில் கன்னத்தில் ஒன்று வைத்தேன். அவன் தடுக்கக்கூட இல்லை. “அக்கா, நான் குடிக்கலன்னுதான் நெனைக்கறேன். ஆனா எல்லாரும் சொல்றாங்களே, எனக்குத் தெரியாமயே குடிச்சிட்டனோ என்னமோ” என்றான். அந்தப் பேச்சைக் கேட்டதும் அடித்த கையை வெட்டிப் போடலாம்போல இருந்தது. நீ தாழ்ப்பாள் போட்டபோது அவன் சட்டைப் பையில் என்ன வைத்திருந்தான் தெரியுமா? மாத்திரைப் பொட்டலம். வீடும் வேலையும் போன பிறகும் அதை விடவில்லை.

மறுநாள் காலையில், “வூட்டு ஆள் கையாலதான் தரணுமாம்” என்று பொட்டலத்தை என்னிடம் நீட்டினான். கொடுத்தேன். ராத்திரி முழுக்க என் கட்டிலுக்கு எதிரிலேயே கிடந்தவன், எங்கேயும் போகவில்லை. பாவம், வற்றிப் போயிருக்கிறானே என்று என் பாட்டிலை எடுத்து இரண்டு கரண்டி அரிஷ்டம் ஊற்றிக் கொடுத்தேன். ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மைக்கேல் சிவந்தான், நெஞ்சைப் பிடித்தான், பெஞ்சிலிருந்து சரிந்தான். “காலையிலயே போட்டுட்டான்யா” என்று ஒருத்தன் சிரித்தான். நான் கரண்டியோடு நிற்கிறேன். என் கண் முன்னால் இவன் எதைப் போட்டான்? என் கையிலிருப்பதைத்தான் போட்டான்! அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கட்டிய புடவையோடு, சாம்பார்க் கறையோடு, அவனையும் பாட்டிலையும் தூக்கிக்கொண்டு சின்னராஜ் பஸ்ஸில் ஏறினேன். மூன்றாம் மைல் வருவதற்குள் எத்தனை அருள் நிறைந்த மரியே சொன்னேனோ. டாக்டரம்மா முதலில் அவனைப் பார்த்தார். ஊசி போட்டார். பிறகு பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “இதுலயும் சாராயச் சத்து இருக்குதும்மா. புளிக்க வெச்சுத்தானே செய்யறாங்க? நான் சாராயம், கள்ளுன்னு சொன்னேன், அரிஷ்டத்தைச் சொல்லாம வுட்டது என் தப்பு” என்றார். என் தப்பு என்று அவர் சொல்ல, என் தப்பு என்று நான் சொல்ல, கட்டிலில் படுத்திருந்தவன் எங்களைப் பார்த்துச் சிரித்தான் பவுலினா! “அப்ப நான் குடிக்கலதானே?” என்று கேட்டான். இல்லடா, இல்லடா என்று அவன் தலையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

மேனேஜருக்கு டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டு இதனோடு இருக்கிறது. ஓடு. அந்த மிச்ச அரிஷ்டத்தைச் சாக்கடையில் கொட்டிவிட்டு ஓடு.

பாவி லூர்தம்மாள்


மத்திகிரி,
5-2-1956

அக்காவுக்கு,

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன், உங்களிடம் இருக்கும் அவரை அழைத்துக்கொள்ள. உங்கள் வீட்டு வாசலில் ஈஸ்டருக்குப் பேசியதை எல்லாம் அதே வாசலில் திரும்ப வாங்கிக்கொள்ளப் போகிறேன், தெரு கேட்டாலும் கேட்கட்டும். அவரிடம் என்ன சொல்வேன் என்றுதான் தெரியவில்லை. நின்று கேட்டவரை நம்பாமல் கதவைச் சாத்தியவள் நான். அதை யோசித்தால் சோறு இறங்கவில்லை. நீங்கள் பாவி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், அரிஷ்டத்தை ஊற்றிக் கொடுத்த கை என்னுடையதும்தான். பாதியை எனக்குக் கொடுங்கள்.

நல்ல சேதி முதலில். வேலை போகவில்லை! வேன் வேலை இல்லை, பால் காய்ச்சும் கொட்டகையில் போட்டிருக்கிறார்கள். இனி எல்லையைத் தாண்டவே வேண்டாம். கும்பிட்டுக் கேட்டாலும் கிடைக்காத வேலை அக்கா!

ஆனால் அது சும்மா கிடைக்கவில்லை. சீட்டைக் கொண்டுபோனபோது மேனேஜர் படித்துவிட்டு மேஜை மேல் போட்டார். “அரிஷ்டம் குடிச்சு எவன் விழுந்தான்? நாலு பேர் முன்னால விழுந்தவனை எப்படிச் சேத்துக்கறது?” என்றார். நான் சும்மா இருப்பேனா? முற்றத்தில் பால் அளக்க நின்ற அத்தனை பேர் காதிலும் விழுகிறமாதிரி சொன்னேன்: “எங்க வூட்டுக்காரரு குடிச்சாரு, இல்லன்னு சொல்லல. வைத்தியத்துக்குப் போனாரு. ராகி மூட்டையைக் கொடுத்து வைத்தியம் பாத்தோம். இப்ப குடிக்கல.” மேனேஜர் எழுந்து உள்ளே போய்விட்டார். அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் மேனேஜரே கூப்பிட்டு வேலை தந்தார். அது எப்படி என்று இனி எழுதுவதை நீங்கள் பஸ் ஸ்டாண்டில் மூச்சுவிடக் கூடாது, சின்னராஜிடம்கூட. நான் அழுதுகொண்டு வந்த அன்று மத்தியானம் மாட்டுக் கொட்டகைப் பக்கத்துக் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் முக்காடு போட்டுக்கொண்டு மேனேஜர் சம்சாரம் சரோஜம்மாள் நிற்கிறார். இத்தனை வருஷத்தில் என் வீட்டுப் படி ஏறாதவர். வீட்டைக் காலி பண்ணச் சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து, “இன்னும் சாமான் கட்டலம்மா” என்றேன். அவர் உள்ளே வந்து தாமே கதவைச் சாத்தினார்.

“அந்த ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ்ல போவணும்?” என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. யாருக்கு என்று கேட்க வாயெடுத்தேன். அந்த அம்மாவின் கண்ணைப் பார்த்ததும் கேட்கவில்லை. சனிக்கிழமைதோறும் மேனேஜர் ஜீப் பெங்களூருக்குப் போவதும், ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு வாசலுக்கே வராததும் பண்ணையில் எல்லோருக்கும் தெரியும். அந்த ஜீப்பை யாரும் நிறுத்தி வாயை ஊதச் சொல்வதில்லை. எனக்கு அவர் மேல் இருந்த கோபம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. மணையைப் போட்டு உட்கார வைத்தேன். கிருஷ்ணகிரி வழியாகப் போகிற ஊத்தங்கரை பஸ்ஸில் ஏற வேண்டும், மூன்றாம் மைல் என்று சொன்னால் நிறுத்துவார்கள், விறகு அங்கேயே வாங்கலாம், பாத்திரம் கொண்டுபோக வேண்டும் என்று எல்லாம் சொன்னேன். முதல் சில நாள் பயமாக இருக்கும், பயப்படாதீர்கள், நானும் கூட வருகிறேன் என்றேன்.

அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையை விடவே இல்லை.

“காலைல நீ முற்றத்துல நின்னு சத்தமா சொன்னியே பவுலினா, உள்ள நின்னு கேட்டேன். கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து, எங்க வூட்டுல மட்டுந்தான் இப்படின்னு நெனச்சுக்கினு இருந்தேன்” என்றார்.

உங்கள் பவுலினா